முப்பது வயதுக்கு மேல் கல்லூரி: தரவரிசையில் எண்ணப்படாத மாணவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுபோனது. அப்புறம் கல்யாணம், நியூ ஜெர்சி, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் நான் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருஷப் படிப்பு நடத்தும் உள்ளூர்க் கல்லூரியில், சேர்ந்தேன். அங்கிருந்து 37 வயதில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு, வயது வந்தவர்களுக்கென்று இருக்கும் பிரிவுக்கு மாறினேன். 42 வயதில் பட்டம் வாங்கினேன். அதிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாமே அமெரிக்க நிலவரம். நான் படித்த இடத்தின் பெயர் இதற்குத் தேவையில்லை. நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெயர் அடிக்கடி வரும், ஏனென்றால் பத்திரிகைகள் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் தரவரிசைக் கணக்கில் எங்களைப் போன்றவர்கள் எங்கே இருக்கிறோம் என்பது அங்கேதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"வயது வந்த மாணவர்" என்றால் எத்தனை வயது?

ஒரே ஒரு வயதுக் கோடு கிடையாது. அரசு உதவித்தொகைக் கணக்கில் 24 வயது முடிந்துவிட்டால் உங்களைத் தனி ஆளாகப் பார்ப்பார்கள், அப்பா அம்மாவின் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். கல்யாணம் ஆனவர், ராணுவத்தில் இருந்தவர், பிள்ளையை வளர்ப்பவர் என்றால் 24-க்கு முன்பே அப்படித்தான். அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம் வயதை மட்டும் வைத்துப் பார்க்காமல் ஏழு அடையாளங்களைச் சொல்கிறது: பள்ளி முடித்து இடைவெளி விட்டுச் சேர்ந்தவர், பகுதி நேரம் படிப்பவர், முழுநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், பெற்றோரை நம்பி இல்லாதவர், தன்னை நம்பி ஆட்கள் இருப்பவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வழக்கமான பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர். இதில் ஒன்று பொருந்தினாலும் நீங்கள் இந்தக் கணக்கில் வருவீர்கள். எனக்கு நான்கு பொருந்தியது.

பெரிய பல்கலைக்கழகங்கள் இவர்களை உண்மையிலேயே எடுத்துக்கொள்கிறார்களா?

எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை, எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் ரொம்ப மாறும். கொலம்பியாவில் இதற்கென்றே ஒரு முழுக் கல்லூரி இருக்கிறது, பெயர் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ். யேல் பல்கலைக்கழகத்தில் எலி விட்னி திட்டம், படிப்பில் ஐந்து வருஷமாவது இடைவெளி விழுந்தவர்களுக்கு. பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்த அதே எலி விட்னியின் பெயர்தான். அவர் பண்ணையில் வேலை செய்து, பள்ளியில் பாடம் நடத்திக் காசு சேர்த்து, 23 வயதில்தான் யேலில் சேர முடிந்தது. பட்டம் வாங்கியது 1792-ல். பிரௌன் பல்கலைக்கழகத்தில், பள்ளி முடித்து ஆறு வருஷம் ஆனவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் ஒரு திட்டம் உண்டு. ஸ்மித் பெண்கள் கல்லூரியில் ஏடா காம்ஸ்டாக் திட்டம் 1975-லிருந்து நடக்கிறது. மவுண்ட் ஹோலியோக்கில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் பெயரில் ஒன்று. பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களையே எடுக்காமல் இருந்தது. 2018-ல்தான் மறுபடி ஆரம்பித்தது, அதுவும் முன்னாள் ராணுவத்தினரையும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களையும் மனதில் வைத்து. அந்த முதல் வருஷம் சேர்ந்தவர்கள் ஒரு கை, இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள்.

ஜெனரல் ஸ்டடீஸ் என்று ஒரு கல்லூரியே ஏன் வந்தது?

போரால் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்குப் படிப்புச் செலவைக் கொடுக்க 1944-லேயே ஜி.ஐ. பில் என்ற சட்டம் போட்டிருந்தார்கள். கொலம்பியாவில் அதற்கு முன்பே மாலை நேர வகுப்புகள், வெளியாருக்கான வகுப்புகள் என்று நடந்துகொண்டிருந்தன. 1947-ல் அவற்றை ஒரு முறையான இளங்கலைக் கல்லூரி ஆக்கினார்கள். ஆனாலும் பி.ஏ. பட்டம் கொடுக்கும் உரிமை 1968-ல்தான் கிடைத்தது, அதுவரை பி.எஸ். மட்டும்தான். பட்டத்தின் பெயருக்கே 21 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே படித்தவர்களில் எனக்கு இரண்டு பேரைப் பற்றிச் சொல்லப் பிடிக்கும். ஒருவர் ஜாக் பெப்பேன், பிரெஞ்சு சமையல்காரர், அமெரிக்காவில் டிவி பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த முகம். 1959-ல் நியூயார்க் வந்தவர், சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுச் சமையலறைக்குப் போனவர். முதலில் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தார். பகலில் சமையல் வேலை, மீதி நேரத்தில் பாடம். 1970-ல் பி.ஏ. முடித்தார். இன்னொருவர் கொலம்பியாவிலேயே துப்புரவு வேலை பார்த்தவர். யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த சமயத்தில் அங்கிருந்து தப்பி வந்தவர். ஊழியர்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ஜெனரல் ஸ்டடீஸில் சேர்ந்தார். காலையில் வகுப்பு, மத்தியானத்திலிருந்து இரவு வரை குப்பை அள்ளும் வேலை. லத்தீனும் கிரேக்கமும் படித்து, பன்னிரண்டு வருஷம் கழித்து, 2012-ல் தன் 52-வது வயதில் பட்டம் வாங்கினார். அவருக்குப் பிடித்த எழுத்தாளர் பழைய ரோமானியத் தத்துவவாதி செனகா.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வகுப்பு தனியா? வாங்கும் பட்டம் வேறா?

இடத்தைப் பொறுத்தது, கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஜெனரல் ஸ்டடீஸ் மாணவர் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அதே அறையில், அதே பேராசிரியரிடம் படிக்கிறார், அதே தேர்வை எழுதுகிறார். பட்டத்துக்கு 124 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள்) வேண்டும். வெளியிலிருந்து 60 வரைதான் ஏற்றுக்கொள்வார்கள், மீதி 64-ஐயும் அங்கேயே படித்தாக வேண்டும். எலி விட்னி மாணவரும் மற்ற யேல் மாணவர்களோடுதான் உட்காருகிறார்.

ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் ஸ்கூல் வேறு மாதிரி. 1910-ல் ஆரம்பித்தது. அதற்கு அடித்தளம் போட்ட லோவெல் அறக்கட்டளையின் உயிலில் கட்டணத்துக்கு ஒரு வரம்பு இருந்தது: இரண்டு புஷல் (ஒரு தானிய அளவு) கோதுமையின் விலைக்கு மேல் வாங்கக்கூடாது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். முதலில் சில பாடங்களைப் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தால்தான் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பட்டத்தில் "எக்ஸ்டென்ஷன் ஸ்டடீஸ்" என்ற வார்த்தை இருக்கும். அதை எடுத்துவிடுங்கள் என்று அங்கே படிப்பவர்கள் ரொம்ப காலமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அது மாறும்வரை, அந்த வார்த்தையோடுதான் பட்டம் வரும் என்று தெரிந்தே சேருங்கள்.

"புறவாசல் வழியாக நுழைந்தவர்கள்" என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள். முதல் செமஸ்டரில் ஒரு குழு வேலைக்காக நூலகத்தில் உட்கார்ந்திருந்தோம். இருபது வயதுப் பையன் ஒருவன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "நீங்கள் வாங்கப்போவது நாங்கள் வாங்கும் அதே பட்டமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் தெரிந்த ஆச்சரியம் வீடு வந்து சேரும்வரை என் கூடவே வந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறது என்று பார்த்தால், ஜெனரல் ஸ்டடீஸில் கிடைக்கும் பங்கு, பள்ளி முடித்து நேராக வரும் பிள்ளைகள் சேரும் கொலம்பியா காலேஜைவிட அதிகம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதினேழு வயதில் ஒரு பட்டனைத் தட்டிப் பதினைந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகளின் கூட்டம் வேறு. வேலையை விடலாமா, வீட்டு வாடகை எப்படி, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டு வருஷம் யோசித்துவிட்டு ஒரே ஒரு இடத்துக்கு எழுதிப் போடுபவர்களின் கூட்டம் வேறு. இரண்டு கூட்டத்தையும் ஒரே சதவீதத்தால் அளக்க முடியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். புள்ளியியல் வகுப்பு, காலை 8:40. பிராங்க்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு யூனிஃபார்மோடு நேராக வருவாள். கையில் ஸானிடைசர் வாசனை அடிக்கும். வீட்டுப்பாடக் கணக்குகள் எழுதின தாள் நான்காக மடித்துச் சட்டைப் பையில் இருக்கும், அதைத் தொடையில் வைத்து நீவிவிட்டுத்தான் மேஜையில் வைப்பாள். மடிப்பு விழுந்த இடத்தில் பென்சில் எழுத்து அழிந்திருக்கும், அதை மறுபடி எழுதிச் சரிசெய்வாள். வார்டில் நோயாளிகள் தூங்கும் நேரத்தில் போட்ட கணக்குகள் அவை. ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. செமஸ்டருக்கு இரண்டு பாடம், சில சமயம் ஒன்று. இப்படியே ஏழு வருஷத்தில் முடித்தாள், சிறப்புத் தேர்ச்சியோடு. வாசல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன, உள்ளே வந்து அவள் எழுதிய தேர்வு எல்லோரும் எழுதிய தேர்வுதான்.

தரவரிசைப் பட்டியலில் இந்தப் பெண் எங்கே வருகிறாள்?

எங்கேயும் வரமாட்டாள். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்குக் காரணமே இந்தக் கேள்விதான்.

அமெரிக்காவில் அதிகம் பேர் பார்ப்பது யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் பட்டியல், 1983-ல் ஆரம்பித்தது. அதில் முக்கியமான ஒரு அளவுகோல், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்கினார்கள் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் "சேர்ந்தவர்கள்" என்று யாரைச் சொல்கிறார்கள்? அரசுக்குக் கல்லூரிகள் தரும் ஐபெட்ஸ் என்ற புள்ளிவிவரத்தில் ஒரு வரையறை இருக்கிறது: வாழ்க்கையில் முதன்முறையாகக் கல்லூரியில் சேர்பவர், அதுவும் முழுநேர மாணவராக. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கணக்கு. வேறு கல்லூரியில் ஏற்கெனவே படித்துவிட்டு வந்திருந்தால் வெளியே. பகுதி நேரம் என்றாலும் வெளியே.

இந்த வரையறையை யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. 1990-ல் வந்த ஒரு சட்டத்திலிருந்து வந்தது அது. கல்லூரிகள் விளையாட்டு வீரர்களை மைதானத்தில் ஓடவிட்டுவிட்டுப் பட்டம் இல்லாமல் அனுப்பிவிடுகின்றன என்ற கவலை அப்போது பெரிதாக இருந்தது. கூடைப்பந்து வீரராக இருந்து செனட்டரான பில் பிராட்லி அதற்காக முன்நின்றார். பள்ளி முடித்து நேராக வந்து முழுநேரம் படிக்கும் இளைஞனை நினைத்து எழுதிய வரையறை அது. அந்த வேலைக்கு அது சரி. அப்புறம் அதே கோலை எடுத்து முழுக் கல்லூரியையும் அளக்க ஆரம்பித்ததில்தான் கோளாறு.

சின்ன வயதில் தெருவில் கண்ணாமூச்சி விளையாடும்போது தம்பி தங்கைகளை "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அவர்களும் ஓடுவார்கள், ஒளிந்துகொள்வார்கள், மூச்சு வாங்குவார்கள். பிடிபட்டாலும் அவுட் கிடையாது, ஜெயித்தாலும் கணக்கு கிடையாது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து தேர்வு எழுதும் ஒரு பெண்ணை அப்படி வைத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷக்காரர் முழுநேரம் படிக்கவில்லை, ஆறு வருஷத்துக்குள்ளும் முடிக்கவில்லை. செய்திகளில் அவரை உலகமே கொண்டாடியது, ஆனால் இந்த அளவுகோலில் அவருடைய பட்டத்துக்கு இடமே கிடையாது.

2022-ல் கொலம்பியாவில் என்ன நடந்தது?

கொலம்பியா 1988-ல் அந்தப் பட்டியலில் 18-வது இடத்தில் இருந்தது. மெல்ல மெல்ல ஏறி 2021 செப்டம்பரில் வந்த பட்டியலில் 2-வது இடத்துக்கு வந்துவிட்டது. அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் 2022 பிப்ரவரியில் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். பல்கலைக்கழகம் கொடுத்த எண்களை, அவர்களே வேறு இடங்களில் வெளியிட்ட தகவல்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். 20 பேருக்கும் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று கொடுத்திருந்தார்கள். வகுப்புப் பட்டியலை வைத்து அவர் கணக்குப் போட்டபோது 63-க்கும் 67-க்கும் நடுவில்தான் வந்தது. ஆசிரியர் ஒருவருக்கு ஆறு மாணவர்கள் என்று சொன்னது, கல்விக்குச் செலவு செய்ததாகச் சொன்ன தொகை, எல்லாவற்றிலும் கேள்வி எழுப்பினார்.

பத்திரிகைகள் வகுப்பு அளவைப் பற்றித்தான் அதிகம் எழுதின. என் கண் போய் நின்றது அவர் ஆய்வின் பிற்பகுதியில். கொலம்பியாவில் வருஷா வருஷம் புதிதாக வரும் இளங்கலை மாணவர்களில் 30 சதவீதத்துக்கு மேல் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஜெனரல் ஸ்டடீஸ் மாணவர்கள் என்று காட்டினார். பட்டம் முடிப்போர் சதவீதத்தில் இவர்கள் யாருமே இல்லை. இவர்களைச் சேர்த்தால் அந்தச் சதவீதம் இறங்குகிறது, கொலம்பியாவின் இடமும் இறங்குகிறது. இதில் கொலம்பியா எண்ணைத் திரித்தது என்று சொல்ல முடியாது, பத்திரிகை கேட்டதே அந்த எண்ணைத்தான். ஒரு பல்கலைக்கழகத்தின் புதிய மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஆட்களை விட்டுவிட்டு, அதை "பல்கலைக்கழகத்தின் தரம்" என்று பெரிய எழுத்தில் அச்சடிக்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. அந்தக் கோடையில் கொலம்பியா இந்த வருஷம் தகவல் தரவில்லை என்றது, பத்திரிகை அதன் இடத்தை நீக்கியது. செப்டம்பரில் சில எண்கள் பழைய, தவறான முறையில் கணக்கிடப்பட்டவை என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 57 சதவீதம்தான் என்று புதுக்கணக்கு வந்தது. அதே மாதம் வந்த பட்டியலில் 18-வது இடம், 1988-ல் நின்ற அதே இடம். 2023 ஜூனில் ஜெனரல் ஸ்டடீஸ் உட்பட தன் இளங்கலைக் கல்லூரிகள் எதுவும் இனிமேல் யு.எஸ். நியூஸுக்குத் தகவல் தராது என்று அறிவித்தது. முன்னாள் மாணவர்கள் போட்ட வழக்கில் 2025-ல் 90 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இந்த அமளியில் ஒரு நல்லதும் நடந்தது. கொலம்பியா தன் புள்ளிவிவரத்தை இரண்டு தொகுப்பாக வெளியிட ஆரம்பித்தது: கொலம்பியா காலேஜுக்கும் பொறியியலுக்கும் ஒன்று, ஜெனரல் ஸ்டடீஸுக்கு ஒன்று. அந்த மாணவர்களின் எண்களை அவர்கள் பெயரிலேயே யார் வேண்டுமானாலும் படிக்க முடிகிறது.

இவர்களையும் எண்ணினால் கல்லூரியின் தரம் குறைந்துவிடும்தானே?

எண் குறையும். தரம் எப்படிக் குறையும்? நேற்றுவரை இதே மாணவர்கள் இதே வகுப்பில்தான் இருந்தார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு உண்மையான பயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எண்ணாமல் இருப்பதே எங்களுக்குப் பாதுகாப்பு என்று என்னோடு படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் இது. எங்களைச் சேர்ப்பதால் பட்டியலில் கல்லூரிக்கு நஷ்டம் இல்லை, அதனால்தான் சேர்க்கிறார்கள். நாளைக்கு எண்ண ஆரம்பித்தால், ஏழு வருஷம் எடுக்கும் நர்ஸ் வேண்டாம், நான்கு வருஷத்தில் முடிக்கும் இருபத்தைந்து வயது இளைஞன் போதும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். பட்டியலில் மேலே போவதற்காகக் கல்லூரிகள் என்னென்ன செய்திருக்கின்றன என்று பார்த்தால், இது வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது.

இதை நான் பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எண்ணாமல் விடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மாணவர்தான் கொடுக்கிறார். யாரும் பார்க்காத எண்ணை உயர்த்த யாரும் காசு செலவழிக்க மாட்டார்கள். இந்தப் பிரிவுகளில் உதவித்தொகை குறைவு, சில இடங்களில் விடுதி கிடையாது, மாலை ஐந்து மணிக்கு மேல் ஆலோசகர் இருக்க மாட்டார். பாதியில் நிற்பவரைத் தேடிப் போக ஆள் இருக்காது. அவர் நின்றதே எந்தக் கணக்கிலும் விழாதே.

ஆகவே எண்ண வேண்டும், ஆனால் ஏற்ற கோலால் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு ஆறு வருஷம் என்பது பொருந்தாத கோல். அதற்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. ஐபெட்ஸில் 2015-16 முதல் இன்னொரு கணக்கும் எடுக்கிறார்கள். மாணவர்களை நான்கு பிரிவாகப் பிரிக்கிறார்கள்: முதன்முறை வருபவர், மாறி வருபவர், இரண்டிலும் முழுநேரம், பகுதிநேரம். ஒவ்வொரு பிரிவையும் எட்டு வருஷம் வரை தொடர்ந்து பார்க்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் ஏழு வருஷம் அங்கே வெற்றியாகப் பதிவாகும். இதை ஒரு தனி வரியாக, அதே மாதிரி மாணவர்களைச் சேர்க்கும் மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் போட்டால் யாரையும் கழித்துக்கட்டத் தேவை வராது. நிறைய பேரைச் சேர்த்து நிறைய பேரை முடிக்கவைக்கும் கல்லூரிக்குப் பெருமையும் கிடைக்கும்.

பத்திரிகை எதையும் மாற்றவில்லையா?

மாற்றியது. 2023 செப்டம்பர் பட்டியலில் வகுப்பு அளவு, முன்னாள் மாணவர் நன்கொடை, பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்களின் பங்கு போன்றவற்றை எடுத்துவிட்டார்கள். பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் ஏழை மாணவர்கள் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பதற்கு எடையைக் கூட்டினார்கள். பல அரசுப் பல்கலைக்கழகங்கள் மேலே வந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் பட்டம் முடிப்போர் கணக்கின் அடித்தளம் இன்னும் முதன்முறை, முழுநேர மாணவர்தான். மற்ற கல்லூரித் தலைவர்கள் தரும் மதிப்பெண்ணுக்கு 20 சதவீதம் எடை. முகம் பார்த்திராத கல்லூரிகளுக்குப் பெயரை வைத்து மதிப்பெண் போடுவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க முடிகிறதென்றால், உள்ளே படிப்பவர்களை எண்ணுவதற்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது.

பணம்?

இதில் ஏமாந்துவிடாதீர்கள். "இந்தப் பல்கலைக்கழகம் தேவைப்படும் முழு உதவியையும் தருகிறது" என்று படித்தால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். கொலம்பியா காலேஜில் அது உண்மை. ஜெனரல் ஸ்டடீஸில் அந்த உத்தரவாதம் கிடையாது, கட்டணமும் கிரெடிட் கணக்கில். யேல் எலி விட்னி மாணவர்களுக்குத் தேவையைப் பார்த்து உதவி தருகிறது. அரசின் பெல் கிராண்ட் 2024-25-ல் அதிகபட்சம் 7,395 டாலர், பெரிய தனியார் கல்லூரிக் கட்டணத்தில் அது ஒரு ஓரத்துக்குத்தான் காணும். முன்னாள் ராணுவத்தினருக்கு 2008-ல் வந்த புது ஜி.ஐ. பில் இருக்கிறது. அதற்கு மேல் வரும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமும் அரசும் பங்குபோட்டுக்கொள்ளும் எல்லோ ரிப்பன் திட்டமும் உண்டு. ஜெனரல் ஸ்டடீஸில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் அதிகம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக விண்ணப்பிக்கலாமா?

ஜெனரல் ஸ்டடீஸ் வெளிநாட்டவரையும் எடுக்கிறது. ஆனால் மாணவர் விசாவில் முழுநேரம் படித்தாக வேண்டும், அமெரிக்க அரசு உதவித்தொகை கிடையாது. செலவை நன்றாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எந்தப் பட்டியலைத்தான் பார்ப்பது?

வாஷிங்டன் மன்த்லி இதழ் 2016-ல் வயது வந்த மாணவர்களுக்கு ஏற்ற கல்லூரிகளைத் தனியாக வரிசைப்படுத்த ஆரம்பித்தது. பெரிய பெயர்கள் அதில் அவ்வளவாக இருக்காது, அதிலிருந்தே நிறைய புரியும். அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் பட்டம் முடிப்போர் கணக்கில் மாறி வந்தவர்களையும் பகுதி நேரத்தவர்களையும் சேர்த்து எட்டு வருஷத்துக்குப் பார்க்கலாம். ஆனால் நான் கேட்கச் சொல்வது சேர்க்கை அலுவலகத்தில் நேராக: என் மாதிரி வந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருஷத்தில்? எத்தனை கிரெடிட் ஏற்றுக்கொள்வீர்கள், அதை எப்போது எழுத்தில் தருவீர்கள்? மாலை வகுப்பில் என் பாடப்பிரிவை முழுதாக முடிக்க முடியுமா? முதல் கேள்விக்கு எண் சொல்லத் தெரியாத இடத்தில் நான் சேரமாட்டேன்.

எனக்கு 45 வயது. ஊரில் டிகிரி பாதியில் நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?

பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு பாடம் எடுங்கள், உங்களுக்குப் பிடித்த பாடமாக. நான் எடுத்தது கால்குலஸ். பதினாறு வருஷம் கழித்து முதல் கணக்கைப் போட உட்கார்ந்தபோது, தொகையீட்டுக் குறியை எந்தப் பக்கத்திலிருந்து வளைத்து எழுதுவது என்று கை ஒரு நொடி தடுமாறியது. அப்புறம் தானாகவே எழுதிவிட்டது.

ஊரில் படித்த இரண்டு வருஷத்துக்கும் கிரெடிட் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பழைய மதிப்பெண் பட்டியல்களை வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் மாதிரியான மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகமே முத்திரை வைத்து அனுப்ப வேண்டியிருக்கும். எனக்கு அது வந்து சேர ஏழு மாதம் ஆனது. என் அண்ணன் நான்கு தடவை நேரில் போய் நின்றார், மூன்றாம் தடவை அப்பாவின் பெயரில் எழுத்துப்பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதையெல்லாம் அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலுக்கு இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.